வரலாற்றுத் துப்பறியும் கதை என்றால் என்ன? அதில் ஆண்டு ஏன் முக்கியம்?

எழுதியவரின் காலத்துக்கு வெகு முன்பு நடப்பதாக அமைத்த குற்றக் கதை அது. முதல் பக்கத்திலேயே ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தடயம் செல்லுபடியாகும் என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

1820இல் இங்கிலாந்தில் ஆர்சனிக் என்ற நஞ்சை வைத்துக் கொன்றால், வாந்திபேதி என்று புதைத்துவிட வாய்ப்பு அதிகம். 1836இல் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் சோதனையை வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டார். சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் கலந்து, வரும் வாயுவைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் ஆர்சனிக் இருந்தால் பளபளப்பான கருங்கறை படியும். அற்புதமான தடயம்! காவல்துறையின் கைரேகைப் பிரிவோ கல்கத்தாவில் 1897இல்தான், லண்டனில் 1901இல்தான் வந்தது.

மிக்ஸி இல்லாத வீட்டில் அம்மியில் அரைப்பதுபோல, இந்த வசதிகள் வருவதற்கு முந்தைய துப்பறிவாளர் செருப்புத் தடத்தையும் மெழுகுவர்த்தி எரிந்த அளவையும் வைத்துத்தான் துப்புத் துலக்குவார்.

பழைய கதையெல்லாம் இந்த வகையல்ல: 1890இல் எழுதி 1890இலேயே நடக்கும் கதை, அன்றைக்குச் சமகாலக் கதைதான்.