ரைஃபிளோடு விமானம் ஏறப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள்

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். ஜெர்மனியில் சூல் நகரத்தில் நடக்கும் ஜூனியர் போட்டிக்குப் போகப் போகிறாள். கோவையிலிருந்தே சிங்கப்பூர் வழியாகப் போனால் டிக்கெட் மலிவாக இருக்கிறது. எங்களிடம் துணிப்பைதான் இருக்கிறது, என்ன பெட்டி வாங்கலாம்?

பதில்: பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள் அம்மா. நம் ஊரில் சுடும் சக்தி 20 ஜூலுக்கும் குழல் அளவு 0.177 அங்குலத்துக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், ஜெர்மனியிலும் 7.5 ஜூலுக்கு உட்பட்டு அதற்கான முத்திரை உள்ளதை 18 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கலாம், ஆனால் சிங்கப்பூரில் அதே ரைஃபிள் போலீஸ் உரிமம் தேவைப்படும் ஆயுதம். விமானம் மாறத்தானே போகிறோம் என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. வழியில் எத்தனை ஊர் வருகிறதோ அத்தனை ஊரின் சட்டமும் உங்கள் பெட்டிக்குப் பொருந்தும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து சூல் ரோட்டில் சில மணி நேரம்தான். கூடுதலாகப் போகும் பணம் வீணில்லை.

டிக்கெட் போட்டவுடனே விமான நிறுவனத்துக்கு ரைஃபிளின் மேக், சீரியல் எண், பெட்டியின் நீள அகலம், எடை எல்லாம் எழுதி அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் யாரோ சொன்னது கவுண்டரில் செல்லாது. மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் ரைஃபிள் யார் பெயரில் போகும் என்பதைக் கோச்சிடமும் போட்டி நடத்துபவர்களிடமும் இப்போதே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி பெட்டி. துணிப்பை கூடவே கூடாது. கெட்டியான பெட்டி, பூட்டிய பிறகு ஒரு மூலையைக்கூட விரலால் நெம்பித் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். கடையில் நுரையின் தடிமனைக் காட்டி விற்பார்கள், நீங்கள் பூட்டு மாட்டும் ஓட்டைகளைப் பாருங்கள், மலிவுப் பெட்டியில் முதலில் பிய்ந்து வருவது அதுதான். வாங்கும் முன் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு, நீளமான ரைஃபிள் பெட்டி பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும், அப்புறம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை கட்டணம். கனமான பெட்டிகள் காலியாகவே 10 கிலோவுக்கு மேல் வரும், ரைஃபிள் 5.5 கிலோ வரை, ஜாக்கெட்டும் பேன்ட்டும் தனி. பட் பிளேட்டை, அதாவது தோளில் பதியும் கடைசித் துண்டைக் கழற்றி வைத்தால் குறுகிய பெட்டியே போதுமா என்று கோச்சிடம் கேளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ரைஃபிளில் மாட்டியிருக்கும் காற்று சிலிண்டர். அதைக் கழற்றி, காற்றை முழுதாக வெளியேற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியத்தில் நிற்பது மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு பையனுடைய சிலிண்டரில் மிச்சக் காற்று இருந்ததால் கவுண்டரிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள், கடன் வாங்கிய சிலிண்டரில் சுட வேண்டியதாகிவிட்டது, அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றை வெளியேற்றும் திருகு தனியாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். சிலிண்டர் காலாவதித் தேதியையும் பாருங்கள், போட்டியில் சோதிப்பார்கள். கிளம்பும் நாளில் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது வரிப் பேச்சு எழாது.

கேள்வி: போட்டி முடிந்து ஊர் வந்து பெட்டியைத் திறந்தால் ரைஃபிளின் பின் சைட் (குறிபார்க்கும் கருவி) வளைந்திருக்கிறது. விமான நிறுவனம் கையை விரிக்கிறது. வந்து நான்கு நாள் ஆகிறது.

பதில்: இன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். சர்வதேசப் பயணத்தில் லக்கேஜ் சேதத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று நாள்தான். பெட்டியின் படம், சைட்டின் படம், லக்கேஜ் டேக், ரிப்பேருக்கான மதிப்பீடு எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இழப்பீட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 டாலரைச் சற்றுத் தாண்டும். சைட்டுக்கு அது போதும், ரைஃபிளே போயிருந்தால் போதாது. அடுத்த முறை செக்-இன் செய்யும்போதே கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பை அறிவிக்க முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் தனி இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

கேள்வி: தோட்டா எவ்வளவு கொண்டு போகலாம்?

பதில்: பேக்கிங்கோடு சேர்த்து ஆளுக்கு 5 கிலோ, அதுவும் விமான நிறுவனம் அனுமதித்தால், செக்-இன் லக்கேஜில் மட்டும். இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்க முடியாது. 0.22 தோட்டா ரைஃபிள் சுடுபவர்களுக்கு அது ஆயிரத்துக்கு மேல் வரும், தாராளம். ட்ராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) சுடுபவர்களுக்கு ஐந்து பெட்டி, சுமார் 125 தோட்டாதான், அது தகுதிச் சுற்றுக்கே பற்றாமல் போகலாம், பயிற்சிக்கு மிஞ்சாது. அவர்கள் போட்டி நடத்துபவர்களிடம் முன்பே சொல்லி அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.