மனச்சிதைவிலிருந்து மீண்ட ஒருவர், என் தம்பிக்கு வேலையில் துணை நிற்க முடியுமா?

கேள்வி: தம்பிக்கு வயது 28, பி.காம். முடித்தவன். மனச்சிதைவு நோய்க்கு 5 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான். ஒன்றரை ஆண்டாகக் காதில் குரல் கேட்பதில்லை. இரண்டு வேலைக்குப் போனான். இரண்டிலும் ஒரு மாதம் தாண்டவில்லை. இதே நோயிலிருந்து மீண்டு வேலை பார்க்கும் ஒருவரை மருத்துவமனையில் அறிமுகப்படுத்தினார்கள். நோயாளிக்கு இன்னொரு நோயாளி துணையா என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் பழகட்டும். ஆனால் சக ஆதரவாளர், அதாவது இப்படி மீண்டு வந்து இன்னொருவருக்குத் துணை நிற்பவர், வேலை வாங்கித் தருபவர் அல்ல. கிடைத்த வேலையில் முதல் இரண்டு மூன்று மாதங்களைத் தாண்ட உதவுபவர். தம்பி தடுக்கி விழுந்ததும் அந்த இடத்தில்தானே?

முழுக்கக் குணமாகட்டும், பிறகு வேலை என்று தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் உருவான ஐ.பி.எஸ். (Individual Placement and Support) என்ற வேலை ஆதரவு முறையில், வேலைக்குப் போக விருப்பம் சொன்ன சில வாரங்களிலேயே சாதாரண வேலையைத் தேடத் தொடங்குவார்கள். சேர்ந்த பிறகும் துணை நிற்பார்கள். ஐரோப்பாவில் 6 மையங்களில் 312 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இந்த முறையில் 55% பேர் ஒரு நாளாவது வேலை பார்த்தார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய முறையில் 28% பேர்தான். அங்கே துணை நின்றவர்கள் பயிற்சி பெற்ற வேலை ஆலோசகர்கள். சக ஆதரவை மட்டும் நம்பினால் வேலை கிடைக்கும் என்பதற்கு இவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆகவே வேலை தேடும் பொறுப்பை மருத்துவமனையின் சமூகப் பணியாளரும் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக ஆதரவாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. முதலில் இருவரும் உட்கார்ந்து, முந்தைய இரண்டு வேலைகளும் எந்த நாளில், எதனால் நின்றன என்று எழுதட்டும். காலைத் தூக்கமா, சூப்பர்வைசர் திட்டியதா, பக்கத்து மேஜையில் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்ற எண்ணமா? வீட்டில் இதைச் 'சோம்பேறித்தனம்' என்று முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் மாத்திரையின் மயக்கமும் நோயின் மந்தமும்தான். ஓலன்சபின் போன்ற மாத்திரையை இரவு 11 மணிக்குப் போட்டுவிட்டு 9 மணிக்கு பில்லிங்கில் உட்காருவது கஷ்டம். நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சக ஆதரவாளர் தன் அனுபவத்தைச் சொல்லலாம், டோஸைச் சொல்லக் கூடாது. இந்த எல்லையை முதல் நாளே பேசிவிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்பதையும் சேர்த்து.

இன்டர்வியூவில் நடுவே காலியாக இருக்கும் ஆண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். "உடல்நிலை சரியில்லை, சிகிச்சை எடுத்தேன், இப்போது வேலை செய்யும் நிலையில் இருக்கிறேன்" போதும். இதைச் சக ஆதரவாளருடன் பத்துத் தடவை சொல்லிப் பழகட்டும். எழுத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுத வேண்டாம். நோயின் பெயரைச் சொல்வது தம்பியின் முடிவு. உங்கள் முடிவல்ல. 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி மருத்துவரும் அவன் சம்மதமின்றி முதலாளியிடம் சொல்ல முடியாது.

அரசு வேலைக்கு முயல்வதானால் கணக்கு வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4% இடஒதுக்கீட்டில் 1% மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து உள்ளது. 40% அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்ற சான்றிதழ் தேவை.

வேலை தொடங்கிய பின் அடிக்கடி நடக்கும் தவறு: லீவு கேட்கக் கூச்சப்பட்டு மருத்துவரைப் பார்ப்பதை விடுவது. வார விடுமுறை நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். குளோசபின் என்ற மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. அதை முன்பே கணக்கில் வையுங்கள். நைட் ஷிப்ட் தவிர்க்கவும். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டால் மூன்றாம் நாளே மருத்துவருக்கு போன். கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பதில்: சக ஆதரவாளரும் மாத்திரை சாப்பிடுபவர்தான், அவருக்கும் நோய் திரும்பலாம். அந்த நாளில் தம்பி யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே இரண்டாவது பெயரை எழுதி வையுங்கள். அவர் வந்துபோகும் பேருந்துச் செலவையும் நீங்களே கொடுங்கள்.