கொக்குக்கு ஏன் கால் நனையவில்லை?

அன்புள்ள ஐயா,

சினிமாவில் கதாநாயகன் "மோதிப் பார்" என்று பாடினால் உடம்பு சிலிர்க்கிறது. நம் தஞ்சை நடவுப் பாட்டுகளை யூடியூபில் தேடிக் கேட்டால் இடுப்பு வலியும் அழுகையும்தான். இவ்வளவு அடிபட்ட ஜனங்களின் பாட்டில் ஏன் எதிர்ப்பே இல்லை?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மைக்கை நீட்டிப் பாடச் சொன்னால் அழுகைதான் வரும். நடவுப் பாட்டை வயலில் கேட்க வேண்டும், அதுவும் நிலத்துக்காரர் குடையோடு வரப்பில் நிற்கும்போது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கேட்டது இது. இடக்கையில் நாற்றுமுடி, சேற்றில் பின்னால் நகர்ந்துகொண்டே வயதான ஓர் அம்மா பாட்டெடுப்பார். பாட்டு கொக்கைப் பற்றி. வரப்பில் நிற்கிற வெள்ளைக் கொக்கே, உனக்குக் கால் நனையக் கூடாது, மீன் மட்டும் வேணுமோ என்கிற மாதிரி போகும். இருபது பேர் சிரிக்காமல் திருப்பிப் பாடுவார்கள். அன்றைக்கு வயலில் ஒரு கொக்குகூடக் கிடையாது! வரப்பில் நின்றவருக்கும் புரியாமலா இருக்கும்? கொக்கைப் பாடினாய் என்று கூலியைப் பிடிக்க முடியுமா? பாட்டை நிறுத்தச் சொன்னால் நடவும் சுணங்கும். குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சரி, இடுப்பு வலி. கூலி கொடுப்பவர் காதில் விழும்படி அதைப் பாடுவது புலம்பலா? கணக்குச் சொல்வது என்பேன்.

கூலிக்காரர்களுக்குச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண் இது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறுதான் வளர்ந்து, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பத்து ஜனங்கள் 44 பேரை நிலத்துக்காரர்களின் ஆட்கள் ஒரு குடிசைக்குள் எரித்ததில் போய் முடிந்தது. அங்கே "மோதிப் பார்" என்று யார் பாடுவது? கதாநாயகனுக்கு மறுநாள் அதே வயலில் இறங்கும் வேலை இல்லை. (அந்தப் பாட்டுகள் எனக்கும் பிடிக்கும், பஸ்ஸில் போகும்போது.)

1930 வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டு கத்தியும் ரத்தமும் இல்லை என்றுதான் தொடங்குகிறது. ஏப்ரல் 13 அன்று ராஜாஜியோடு திருச்சியில் கிளம்பியவர்கள் பதினைந்து நாள் நடந்தார்கள். அந்தப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கால் தானாக எட்டு வைக்கும். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யார் போட்டது என்று மரத்தையா கேட்பது? கொக்குப் பாட்டு கட்டிய அதே புத்திதான்.

இப்போது எங்கள் பக்கம் பாதி வயலில் நடவு மெஷின் ஓடுகிறது. மெஷின் சத்தத்தில் எந்தப் பாட்டும் கேட்காது. உங்கள் ஊரில் நடவுக்குப் போன பாட்டிகள் இருந்தால் போனை வீட்டில் வைத்துவிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் கொக்கைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கொக்கு உங்கள் ஊரில் என்னவாக இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.