“சும்மா பார்த்துட்டுப் போறேன்” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இதை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நாங்கள் இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வாடகை ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. ஆனால் ஓனர் மாதம் தவறாமல் “சும்மா பார்த்துட்டுப் போறேன்” என்று வந்துவிடுகிறார். சில சமயம் போன் செய்வார், சில சமயம் வாசலில் வந்து நின்றுகொண்டுதான் கூப்பிடுவார். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தபோது தன்னிடம் இருக்கும் சாவியால் திறந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் அவரே போனில் சொன்னார், “துணியெல்லாம் கட்டில் மேலயே கிடக்குதே” என்று. போன தடவை அலமாரியைத் திறந்தார், படுக்கையறையை போட்டோ எடுத்தார். என் கணவர் “அவர் வீடு, அவர் பார்க்கிறார், விடு” என்கிறார். வருகிற சனிக்கிழமை மறுபடி வருகிறாராம். நான் இப்போதே வீட்டைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறிக் கறுப்பாகப் பூத்திருக்கிறது, சொன்னால் எங்கள் தலையில் கட்டிவிடுவாரோ என்று அதையும் மறைக்கப் பார்க்கிறேன். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை, பெரிதுபடுத்தவில்லை. ஆள் இல்லாத வீட்டைத் திறந்து உள்ளே வந்து, கட்டில் மேல் கிடந்த துணியைப் பற்றிக் கருத்தும் சொல்லியிருக்கிறார், கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் சனிக்கிழமைக்கு அந்தக் கோபத்தைக் கொண்டுபோக வேண்டாம், வேறு வேலை இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. வீடு அவருடையதுதான். ஆனால் வாடகை என்று மாதாமாதம் வாங்குவதே அந்த வீட்டில் அடுத்தவர் தொந்தரவில்லாமல் நீங்கள் இருப்பதற்குத்தான். தன் சொத்து எந்த நிலையில் இருக்கிறது, எங்காவது ஒழுகுகிறதா, எதையாவது பழுது பார்க்க வேண்டுமா என்று பார்க்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் துணியை மடித்தீர்களா என்பது அந்தக் கணக்கில் வராது.

எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை, ஆனால் பல ஊர்ச் சட்டங்கள் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசுகின்றன. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஓனர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டின் நிலையைப் பார்க்க வருவதற்கு அதே 24 மணி நேரம், எழுத்தில் என்கிறது. கனடாவின் ஒன்டாரியோவிலும் 24 மணி நேரம்தான், அதுவும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில். நியூசிலாந்தில் வீட்டைச் சோதிக்க வருவதற்கு 48 மணி நேரம், அதுவும் நான்கு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இன்னும் கறார்: வழக்கமான சோதனைக்கு 7 நாள் முன்னறிவிப்பு, 12 மாதத்தில் அதிகபட்சம் 4 முறை. தீப்பிடித்தது, குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர் என்பது மாதிரி அவசரங்களுக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. ஆக, வாசலில் வந்து நின்று கூப்பிடுவதை முன்னறிவிப்பு என்று இந்தச் சட்டங்களில் எதுவும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள், நம்மில் பெரும்பாலானவர்கள் அதில் வாடகைத் தொகையையும் அட்வான்ஸையும் தவிர எதையும் படிப்பதில்லை.

சரி, சட்டம் தெரிந்துவிட்டது என்று அதை முதல் வரியிலேயே தூக்கிப் போடாதீர்கள். இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள், கிட்டத்தட்ட இப்படி: “சனிக்கிழமை காலை 11 மணிக்கு வாருங்கள், நாங்கள் வீட்டில் இருப்போம். இனிமேல் வருவதாக இருந்தால் முந்தின நாளே தேதி, நேரம், என்ன பார்க்க வேண்டும் என்பதை மெசேஜில் சொல்லிவிடுங்கள். நாங்கள் இல்லாதபோது வீட்டைத் திறக்க வேண்டாம். குளியலறைச் சுவரில் ஈரம் இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன், அதையும் பார்த்துவிடுங்கள்.” இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கெஞ்சலும் இல்லை. போனில் பேசினாலும் பேசியதை அப்புறம் மெசேஜில் போட்டுவிடுங்கள். நாளைக்கு “நான் சொன்னேனே”, “நீங்க சொல்லவேயில்லையே” என்று வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஈரத்தை மறைக்கவே கூடாது. நீங்கள் செய்ய நினைத்ததிலேயே ஆபத்தானது இதுதான். பழுது தெரிந்தால் உடனே ஓனரிடம் சொல்ல வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மறைத்து வைத்து ஆறு மாதம் கழித்துச் சுவர் பெயர்ந்து விழுந்தால், “அப்பவே சொல்லியிருந்தா சின்ன வேலை” என்று அவர் சொல்வார், அந்த இடத்தில் அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அதனால் அந்தக் கறுப்பைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள், கிட்டத்திலிருந்து ஒன்று, முழுச் சுவரும் தெரிகிற மாதிரி ஒன்று.

“நீங்க ஜன்னலைத் திறக்கிறதே இல்ல, அதான்” என்று சொல்வார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அது உண்மையும்கூட. குளிக்கும்போது எழும் ஆவி வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்தால் பூஞ்சை பிடிக்கும், பெரும்பாலும் மேல் மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும். தரையிலிருந்து மேலே ஏறினாலோ, ஒரே இடத்தில் வட்டமாகப் பரவினாலோ, மழை பெய்தால் அதிகமானாலோ, குழாயையோ வெளிச்சுவரையோதான் சந்தேகப்பட வேண்டும். ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஈரமான இடத்தை மேலாகத் துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் ஒரு துண்டு அலுமினிய ஃபாயிலை வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, வழக்கம்போல் குளித்துப் புழங்கிய பிறகு பாருங்கள். ஃபாயிலின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் அறையின் ஆவி, பிரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கட்டடப் பொறியாளரின் அறிக்கைக்கு இது ஈடாகாது, ஆனால் ஓனரை நிற்க வைத்து அவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டினால் ஜன்னல் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

சனிக்கிழமை அவரைத் தனியாக உலாவ விடாதீர்கள், அறை அறையாகக் கூடவே போங்கள். சிங்க்குக்கு அடியில், கூரையில், ஜன்னல் கொக்கியில் பார்க்கட்டும், அதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை. சுவரோடு கட்டிய அலமாரியின் பின்புறம் ஈரமா என்று பார்க்க வேண்டுமென்றால் நீங்களே திறந்து காட்டுங்கள். உங்கள் பீரோவை அவர் தொடக்கூடாது. போட்டோ எடுத்தால், “அந்த விரிசலை மட்டும் எடுத்துக்கங்க, கட்டில் வேண்டாம்” என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். போன தடவை உங்களுக்கு இருந்த கூச்சத்தில்தான் அவர் படுக்கையறை வரைக்கும் வந்தார்.

தேய்ப்பதைப் பற்றி: வீடு சுத்தமாக, நடமாட வழியோடு இருந்தால் போதும். வெயில் பட்டு வெளுத்த பெயிண்ட், நடக்கிற வழியில் தேய்ந்த தரை, இறுக்கம் போன கதவுக் கீல் இதெல்லாம் ஆள் குடியிருந்தால் வருகிற தேய்மானம், அதை நீங்கள் தேய்த்தாலும் போகாது, அதற்கு அட்வான்ஸில் கைவைக்கவும் பொதுவாக முடியாது. சூடுபட்ட கறை, உடைந்த கண்ணாடி, கேட்காமல் அடித்த ஆணி என்றால் அது உங்கள் கணக்கு. குடிவந்த அன்று படம் எடுத்து வைத்தீர்களா என்று தெரியவில்லை. இல்லையென்றால் இப்போதாவது வாசலில் தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக வீடு முழுக்க எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனர்களைத் திட்டுவது சுலபம். சேர்த்த பணத்தையெல்லாம் ஒரே வீட்டில் போட்டவருக்கு அதில் விழுகிற ஒவ்வொரு ஆணியும் தன் உடம்பில் இறங்குகிற மாதிரிதான் இருக்கும். முன்பு இருந்த யாரோ வீட்டை நாசம் செய்துவிட்டுப் போயிருக்கலாம், அந்தப் பயத்தை அவர் உங்களிடம் தீர்த்துக்கொண்டிருக்கலாம். நீங்களே ஈரத்தைப் படமெடுத்து அனுப்பினால், இவர்கள் வீட்டைக் கவனிக்கிறவர்கள் என்று தெரிந்து வருகை தானாகவே குறையவும் கூடும்.

மூன்று காரியம் மட்டும் செய்யாதீர்கள்: சொல்லாமல் பூட்டை மாற்றுவது, முறையாகச் சொல்லிவிட்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது, கோபத்தில் வாடகையை நிறுத்துவது. இதில் எதைச் செய்தாலும் தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

மெசேஜுக்குப் பிறகும் சாவி போட்டுத் திறந்தால், அடுத்த மெசேஜில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் அமைப்பு உங்கள் ஊரில் எது என்று விசாரித்து, இந்த மெசேஜ்களை அப்படியே அங்கே கொடுக்கலாம். அதுவரை போகாது என்றுதான் நினைக்கிறேன். வருடம் முடிந்து ஒப்பந்தம் புதுப்பிக்க வருவார் இல்லையா, அப்போது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வரலாம், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், மாற்றுச் சாவியை எப்போது பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் கணவரையும் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.