மூலக்கூறுகளின் இடமும் வலமும்: கேள்வி–பதில்

வலம்புரிச் சங்கின் உயிருக்குப் புரதமும் தலைகீழாக இருக்குமா? (வாசகர், கன்னியாகுமரி)

இருக்காது. நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் ஒரு மூலக்கூறு இருக்கலாம்; அவற்றையே இடக்கை, வலக்கை என்கிறோம். சங்கு எந்தப் பக்கம் புரி கொண்டாலும், உள்ளே வாழும் உயிரின் புரதங்களில் இடக்கை அமினோ அமிலங்கள்தான், டிஎன்ஏவில் வலக்கைச் சர்க்கரைதான். நத்தை இனங்களில் சுருளின் திசை கருவின் முதல் சில செல் பிரிவுகளிலேயே முடிவாகிவிடுகிறது. மூலக்கூறுகளே கை மாறிய ஓர் உயிர் இருந்தால், அது நம் கடலில் கிடைக்கும் இரையைச் செரிக்கவே திணறும்.

மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது. இப்படிப்பட்ட கதிர்வீச்சுதான் ஆதியில் ஒரு கையைத் தேர்ந்ததா? (வேதியியல் ஆசிரியர், மார்த்தாண்டம்)

இந்த யோசனைக்கு அடிப்படை உண்டு. அணுக்கரு எலக்ட்ரானை வெளியிடும் பீட்டாச் சிதைவு இடத்தையும் வலத்தையும் சமமாக நடத்துவதில்லை என்பதைக் கோபால்ட்-60 கொண்டு இயற்பியலாளர் வூவின் குழு 1957இல் காட்டியது. அப்படி வெளிவரும் எலக்ட்ரான்கள் ஒரு கை மூலக்கூறைச் சற்று அதிகமாக அழித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வெஸ்டரும் உல்பிரிஹ்ட்டும் கருதினார்கள். ஆனால் அந்த மணலின் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம் வெளியிடுவது ஆல்ஃபாத் துகள். பீட்டா வருவது அதன் வழித்தோன்றல் தனிமங்களிலிருந்து. அதோடு, கதிர்வீச்சு ஒரு கையை மறு கையாகவும் மாற்றிச் இரு கையும் சமமாக உள்ள சுழிமாய்க் கலவையை நோக்கியே தள்ளும். கிடைக்கும் சிறு ஆதாயமும் அதில் கரைந்துபோகும்.

எனக்கு வலுவாகப் படுவது விண்கல் சான்று. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலம் இடக்கைப் பக்கம் தெளிவாக மிகுந்திருந்தது. பூமியின் உயிர்களில் அரிதான பொருள் என்பதால், தரையில் ஒட்டிய அழுக்கு என்று அதை ஒதுக்குவது கடினம். இருந்தாலும் சிறு மிகுதி மட்டும் போதாது. அதைப் பெருக்கும் வழியும் வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

சோடியம் குளோரேட் படிகச் சோதனையில் எப்போதும் இரு கைப் படிகங்களும் கலந்தே வருகின்றன. எங்கே தவறு? புத்தளம் உப்பில் செய்தால் என்ன? (முதுகலை மாணவர், நாகர்கோவில்)

சாதாரண உப்பில் நடக்காது. அதன் படிகத்துக்கு இடம் வலம் கிடையாது. சோடியம் குளோரேட் கரைசலில் கையற்றது, படிகமாகும்போது மட்டும் கை கொள்கிறது. சோதனைக்கு அது பொருந்துவது அதனால்தான்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 100 கிராம் சோடியம் குளோரேட்டைப் போட்டு, 50 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி முழுவதும் கரையுங்கள். கடையில் வாங்கிய தூளில் இரு கையும் உண்டு. கரையாத ஒரு துகள் போதும், அதுவே விதையாகிக் கெடுக்கும். சூட்டோடு, நுண்துளைக் கண்ணாடித் தட்டுள்ள வடிபுனலில் வடிகட்டுங்கள். வடிதாள் வேண்டவே வேண்டாம்: குளோரேட் ஊறிய தாள் காய்ந்தால் எளிதில் தீப்பற்றும். சர்க்கரை, கந்தகம், அமிலம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஆய்வகத்தில், ஆசிரியர் பார்வையில் மட்டும் செய்யுங்கள்.

பிறகு மெல்ல ஆறவிட்டு, முதல் படிகம் தோன்றும் முன்பே காந்தக் கலக்கியை ஓடவிடுங்கள், நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் தவறு இங்கேதான். கலக்கும்போது முதலில் உருவான தாய்ப்படிகம் நொறுங்கி, அதன் துணுக்குகள் அதே கையோடு வளர்ந்து, கரைசலில் மிச்சமுள்ள செறிவை உண்டுவிடுகின்றன. திடீரெனக் குளிரவைத்தால் பல விதைகள் ஒரே சமயத்தில் பிறந்து கலவையாகும். பீக்கரின் ஓரத்தில் படியும் உப்புப்பொருக்கு உள்ளே விழுந்தாலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் நீர் ஆவியாவது மிக மெதுவாக இருக்கும். குளிரூட்டிய அறையில் வையுங்கள்.

கலக்கிய கரைசலில் படிகங்கள் சிறியவை. அவற்றைத் தெவிட்டிய கரைசலில் அசையாமல் வைத்து 2 மி.மீ. தடிமனுக்கு வளர்த்தபின், குறுக்காக வைத்த இரு போலராய்டு தாள்களுக்கிடையே பாருங்கள். மஞ்சள் ஒளியின் அதிர்வுத் தளத்தைப் படிகம் ஒரு மி.மீ.க்கு 3 பாகைக்குச் சற்று மேல் சுழற்றும். மேல்தாளைத் திருப்பும்போது ஒரு கைப் படிகம் இருளும், மறு கை வெளுக்கும். வேதியியலாளர் கொண்டேபுடியின் குழு 1990இல் இப்படிச் செய்தபோது, கலக்கிய கரைசல் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கை. எந்தக் கை என்பது மட்டும் தற்செயல். ஆகவே ஒரே பீக்கரோடு நிறுத்தாமல் பல பீக்கர்களில் செய்யுங்கள்.

இரு கையும் கலந்து புரதம் கட்டினால் என்ன குறை? (பிளஸ் டூ மாணவி, குளச்சல்)

வடிவம் நிற்காது. புரத இழை கொள்ளும் ஆல்ஃபாச் சுருள் வலப்பக்கம் சுழல்வது எல்லா அமினோ அமிலமும் இடக்கையாக இருப்பதால்தான். நடுவில் வலக்கை ஒன்று நுழைந்தால் சுருள் அங்கே தளரும். மீன் செதிலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பாருங்கள். இடப்பக்கம் சுழலும் மூன்று இழைகள், தென்னங்கயிறு திரிப்பதைப் போல, எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. இந்த மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தவர்கள் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வரவேண்டும்; நடுவிலுள்ள குறுகிய இடத்தில் அது மட்டுமே அடங்கும். புரதம் கட்டும் இருபதில் கையற்றதும் அது ஒன்றுதான்.

ஆர்என்ஏவில் நிலைமை இன்னும் கடுமை. வலக்கை இழை ஒன்றை அச்சாகக் கொண்டு புது இழை வளரும்போது இடக்கை அலகுகளையும் சேர்த்துப் போட்டால் அவை இழையின் நுனியில் ஒட்டி வளர்ச்சியை முடக்குகின்றன என்று உயிர்வேதியியலாளர் ஜாய்ஸின் குழு 1984இல் கண்டது. அதனால் நீண்ட ஆர்என்ஏ உருவாகும் முன்பே கை பெருமளவு பிரிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.