சூடான்: சேர்ந்திருந்தும் சண்டை, பிரிந்தும் சண்டை

கேள்வி: தெற்கு சூடான் 2011-ல் தனி நாடு ஆனது. மூன்று வருடம்கூட ஆகவில்லை, தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். பேசாமல் சூடானோடு சேர்ந்தே இருந்திருக்கலாமே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சேர்ந்திருந்த காலம் எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். 1956-ல் சூடானுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1955-ல் டோரிட் நகரில் தெற்குப் படைவீரர்கள் கலகத்தில் இறங்கிவிட்டார்கள். அதிகாரம் மொத்தமும் வடக்கே தலைநகரில் இருக்கும் கார்ட்டூம்காரர்கள் கைக்குப் போகிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 1972-ல் அடிஸ் அபாபா ஒப்பந்தம் தெற்குக்குத் தன்னாட்சி கொடுத்தது, சுமார் பத்து வருடம் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன. ஒரே நாட்டுக்குள் வாழ முடியும் என்பதற்கு அந்தப் பத்து வருடமே சாட்சி. அதைக் கெடுத்தவர், ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த அதே அதிபர் நிமேரிதான். தெற்கே பென்டியு பக்கம் எண்ணெய் கிடைத்ததும் சுத்திகரிப்பு ஆலையை வடக்கே கோஸ்டிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள், 1983-ல் தெற்கை மூன்று துண்டாக்கித் தன்னாட்சியை ஒழித்தார்கள், செப்டம்பரில் நாடு முழுவதும் ஷரியத் சட்டம். அப்புறம் 22 வருடப் போர். குண்டுக்கும் பசிக்கும் நோய்க்குமாகச் சுமார் 20 லட்சம் பேர் பலியானார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தப் போரை நடத்திய தெற்குக் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜான் கராங் தனி நாடு கேட்கவில்லை. 'புதிய சூடான்' வேண்டும் என்றார். தெற்கின் வியாதிதான் மேற்கே டார்ஃபூருக்கும் நடுவே நூபா மலைக்கும் கிழக்கே பேஜா மக்களுக்கும், எல்லோரையும் கார்ட்டூமில் ஒரு சிறு கூட்டம் ஆள்கிறது, அதை மாற்றினால் நாடு ஒன்றாக இருக்கலாம் என்பது அவர் வாதம். 2005 ஜனவரி 9-ல் சமாதான ஒப்பந்தம் ஆகி, ஜூலையில் அவர் கார்ட்டூம் வந்து இறங்கியபோது வரவேற்கத் திரண்ட லட்சக்கணக்கான கூட்டத்தில் வடக்கத்தியர்களும் இருந்தார்கள். முதல் துணை அதிபராகி மூன்றே வாரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். ஒற்றுமையை மக்கள் விரும்பும்படி ஆக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கு ஆறு வருடம் கொடுத்திருந்தார்கள். அப்போது சூடான் அதிபராக இருந்த பஷீரின் அரசு அந்த ஆறு வருடத்தையும் வீணடித்தது.

ஒப்பந்தப்படி 2011 ஜனவரியில் தெற்கு மக்களிடம் வாக்கெடுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் சீட்டில் படம் போட்டிருந்தார்கள்: கோத்த இரு கைகள் என்றால் ஒற்றுமை, விரித்த ஒற்றைக் கை என்றால் பிரிவு. பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். 98.83 சதவீதம் ஒற்றைக் கைக்கு. இரண்டு தலைமுறை போரைப் பார்த்துவிட்டு வெயிலில் வரிசையில் நின்றவர்களிடம் போய் நீங்கள் தப்பாக ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஓட்டு நியாயமானது என்றே இன்றும் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் தப்பு எங்கே நடந்தது? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: கார்ட்டூம் செய்ததையே தெற்கின் தலைநகர் ஜுபாவும் செய்தது. கொடி மாறியது, ஆட்சி நடத்தும் விதம் மாறவில்லை. கெரில்லாப் படையே ராணுவம், அதன் தளபதிகளே அமைச்சர்கள், வருமானம் கிட்டத்தட்ட முழுக்க எண்ணெய். அந்த எண்ணெயும் வடக்கின் குழாய் வழியாகத்தான் போர்ட் சூடானுக்குப் போயாக வேண்டும். 1991-லேயே தளபதி ரியெக் மச்சார் கராங்கை விட்டுப் பிரிந்து, மச்சார் பக்கத்து நூயர் இனப் படையினர் 'போர்' என்ற ஊர்ப் பகுதியில் கராங்கின் டிங்கா இன மக்களைக் கொன்று குவித்தார்கள். அந்தக் காயத்துக்கு யாரும் மருந்து போடவில்லை, பொது எதிரி இருந்தவரை மூடி வைத்தார்கள், அவ்வளவுதான். 2013 ஜூலையில் டிங்கா இனத்தவரான அதிபர் சல்வா கீர் துணை அதிபர் மச்சாரையும் அமைச்சரவை மொத்தத்தையும் நீக்கினார், டிசம்பர் 15 இரவு ஜுபாவில் அதிபரின் காவல் படைக்குள்ளேயே சண்டை வெடித்தது, அடுத்த சில நாட்கள் நூயர்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். பதிலுக்கு வேறு ஊர்களில் டிங்காக்கள் கொல்லப்பட்டார்கள்.

அப்புறம் கீர் 10 மாநிலங்களை 2015-ல் 28 ஆக்கினார், 2017-ல் 32 ஆக்கினார், 2020-ல் திரும்பவும் 10-க்கு வந்தார். தெற்கை நிமேரி துண்டுபோட்டதையும் எதிர்த்துப் போராடிய கராங்கின் இயக்கத்திலிருந்து வந்தவர் இவர். 2024 டிசம்பரில் நடக்க வேண்டிய தேர்தலை 2026 டிசம்பருக்குத் தள்ளினார்கள், 2025 மார்ச்சில் மச்சாரை வீட்டுக் காவலில் வைத்தார்கள்.

கேள்வி: பிரிவினையில் யாருக்கு அதிக நஷ்டம்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: சந்தேகமே இல்லாமல், எல்லைக்கோட்டுக்கு வடக்கே, சூடான் பக்கம் மாட்டிக்கொண்ட நூபா மலைக்காரர்களுக்கு. கராங்கோடு தோளுக்குத் தோள் நின்று போராடியவர்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது, 'மக்கள் கருத்துக் கேட்பு' என்று ஒன்றைச் சொன்னார்கள், அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. தெற்கு கொடியேற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே அங்கே மறுபடி போர். இரு நாடுகளும் உரிமை கோரும் எல்லைப் பகுதியான அபியேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே குடியிருக்கும் ங்கோக் டிங்காக்களோடு, மழையில்லாத மாதங்களில் வடக்கிலிருந்து மாடு ஓட்டி வரும் மிசிரியா இனத்தவர்களுக்கும் ஓட்டு உண்டா என்ற தகராறிலேயே அவர்களின் தனி வாக்கெடுப்பு நடக்காமல் போனது.

கேள்வி: மிச்ச சூடானும் இப்போது உடையுமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: தரையில் பாதி உடைந்துதான் கிடக்கிறது. 2023 ஏப்ரல் 15 முதல் ராணுவமும் 'அதிரடி ஆதரவுப் படை' (RSF) என்ற துணை ராணுவப் படையும் மோதுகின்றன. 2025-ல் அந்தத் துணை ராணுவப் படை டார்ஃபூரின் நியாலா நகரை மையமாக வைத்துப் போட்டி அரசு அறிவித்தது, அக்டோபரில் அங்கேயே எல் ஃபாஷர் நகரையும் பிடித்தது. இதையும் 2011-ஐயும் ஒன்றாக வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. அன்று தெற்கு மக்கள் தாங்களே ஓட்டுப் போட்டுப் பிரிந்தார்கள். இன்று டார்ஃபூர் மக்களை யாரும் கேட்கவில்லை. டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் மசாலித் இன மக்களைக் கொன்று சாட் நாட்டுக்குத் துரத்திய அதே படைதான் அவர்கள் பெயரில் அரசு நடத்துகிறோம் என்கிறது. அதைத் தனி நாடு என்று எந்த அரசும் அங்கீகரிக்கக் கூடாது.