மாமா நிரப்பிய விண்ணப்பமும் மகள் எழுதிய நோட்டுப் புத்தகமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பதியர் தங்கள் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க, அவளுடன் என்னைப் பார்க்க வந்தனர். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் மகள் எடுத்த புள்ளி நான்குக்கு 3.67. நல்ல புள்ளிதான்; ஆனால் பொதுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இடம் கிடைக்க அது போதாது. கோலாலம்பூரில் இருக்கும் தாய்மாமா, தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு அனுப்பியிருந்தார். மகளோ, விலங்குகளின் நடத்தையைப் படிக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு அதற்குமேல் பேசவில்லையாம். "குரங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யார் சார் சம்பளம் தருவார்கள்?" என்று தாய் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

முதலில் ஆறுதலாகப் பேசுவது என் வழக்கம். எந்தப் படிப்பும் வீணாகாது, பதற வேண்டாம் என்று தொடங்கினேன். அதற்குள் தந்தை சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஐந்தாண்டுக் கட்டணம் 360,000 வெள்ளி (ரிங்கிட்), அதில் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் ஒரு பகுதி, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுப்பது ஒரு பகுதி, மீதத்துக்குக் குடியிருக்கும் வீட்டை மறுபடியும் வங்கியில் வைப்பது என்று நேர்த்தியாகக் கணக்குப் போட்டிருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கும் அவருக்கு வயது 51. அதைப் பார்த்தபின் ஆறுதல் சொல்வது பொய் சொல்வதாகிவிடும் என்று தோன்றியது. இந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொன்னேன். அன்று சொன்னதை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், ஏறக்குறைய இதே தாளோடு ஆண்டுதோறும் பல குடும்பங்கள் வருவதுதான்.

மருத்துவம் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பாத பிள்ளைக்காக, அதைத் தாங்க முடியாத குடும்பம், ஓய்வுக்கால அரிசியை எடுத்துச் செலவழிப்பதைத்தான் எதிர்க்கிறேன். "டாக்டர் ஆனால் அரசாங்க வேலை உறுதி" என்று மாமா சொல்வது அவர் காலத்து நிலவரம். 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். பொறியியல், கணக்கியல், மருந்தியல் ஆகியவற்றைப் பற்றித் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மகளிடம், உனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தந்தாள். வார இறுதிகளில் தந்தை தண்ணீர்மலைப் பூங்காவுக்கு நடக்கப் போகும்போது கூடவே போய், அங்குள்ள லோத்தோங் கூட்டம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து எழுதியிருக்கிறாள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள, பினாங்கில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் கருஞ்சாம்பல் குரங்குதான். அதன் குட்டி மட்டும் பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "காலை 7.25. வால் வளைந்தவள் குட்டியை விட்டாள். குட்டையாள் தூக்கிக்கொண்டாள். 7.32. குட்டி கத்தியது, அம்மா திரும்பவில்லை, இலை தின்றாள். 7.38. திருப்பிக் கொடுத்தாள். போன வாரமும் குட்டையாள்தான். இவளுக்கு இதில் என்ன லாபம்?"

அந்தக் கடைசி வரியைப் பெற்றோரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஏனென்றால் விலங்குகளின் சமூக வாழ்வை ஆராயும் துறை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. காகம் கூவி உறவை அழைத்து உண்பதைக் காட்டி நமக்கு ஒற்றுமையைப் போதித்தார்கள். பிறருக்குக் கொடுக்கிற உயிர் இயற்கைத் தேர்வில் எப்படித் தோற்றுப்போகாமல் நிலைத்தது என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. டார்வினையே உறுத்திய அந்தக் கேள்விக்கு 1964-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் கணக்காக ஒரு விடை தந்தார். உதவுகிறவருக்கு ஆகும் இழப்பைவிட, உதவி பெறுகிறவருக்குக் கிடைக்கும் பயனை இருவருக்கும் உள்ள இரத்த உறவின் அளவால் பெருக்கி வரும் தொகை கூடுதலாக இருந்தால், அந்த உதவும் குணம் தலைமுறைகளில் பரவும் என்பது அவருடைய விதி. உடன்பிறந்தவர்களுக்கு அந்த அளவு அரை. மாமாவுக்கும் மருமகளுக்கும் கால். உறவே இல்லாத இடத்திலும் இன்று எனக்கு, நாளை உனக்கு என்ற ஏற்பாட்டால் உதவி நிலைக்கலாம் என்று 1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் காட்டினார்.

(கோலாலம்பூர் மாமாவின் அறிவுரையையும் இந்த விதியில் போட்டுப் பார்த்தேன். மருமகள் டாக்டர் ஆனால் அவருக்குப் பெருமையில் கால் பங்கு உண்டு. செலவில் பங்கு எதுவும் இல்லை. ஹாமில்டன் கணக்குப்படி அவர் அறிவுரை சொல்லாமல் இருந்தால்தான் வியப்பு. தந்தை சிரித்தார், தாய் சிரிக்கவில்லை, அவர் அண்ணன் அல்லவா.)

குட்டையாள் ஏன் குட்டியைத் தூக்கினாள் என்பதற்கு மூன்று விடைகளாவது இருக்க முடியும். அவள் குட்டியின் அக்காவோ சித்தியோ ஆக இருக்கலாம். இன்னும் ஈனாத இளம்பெண்ணாக இருந்து, பிள்ளை வளர்க்கப் பழகிக்கொள்ளலாம். அல்லது தாயோடு நட்பை வளர்த்துக்கொண்டு பிறகு அதன் பலனை அடையலாம். எது சரி என்று கண்டுபிடிக்க வெறும் பார்வை போதாது. யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று மாதக்கணக்கில் எண்ண வேண்டும், சாணத்தைச் சேகரித்து மரபணு வழியாக உறவைச் சோதிக்க வேண்டும், தாய்க்கு எத்தனை நிமிடம் கூடுதலாக உண்ணக் கிடைத்தது என்று அளக்க வேண்டும். 1974-இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரை இதற்கெல்லாம் முறை வகுத்துத் தந்தது. கண்ணைக் கவர்கிற சண்டையை மட்டும் எழுதுகிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். ஒரு விலங்கை முன்கூட்டியே தேர்ந்து, குறித்த நேரம் வரை அது சும்மா இருந்தாலும் அதையே தொடர்ந்து எழுத வேண்டும். இந்தப் பெண் யாரும் சொல்லித்தராமலே பாதி வழி வந்திருக்கிறாள்.

இனித் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சம்பளம் தருகிறார்கள், ஏனென்றால் அந்த உட்கார்தலுக்கு விலை இருக்கிறது. பேராக் மாநிலத்தின் செகாரி மெலிந்தாங் காட்டில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினரும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் பன்றிவால் குரங்குகளின் பின்னால் நடந்தார்கள். மலாயில் பெரூக் எனப்படும் அந்தக் குரங்கைச் செம்பனைத் தோட்டக்காரர்கள் பழம் தின்னும் திருடன் என்று விரட்டிவந்தனர். 2019-இல் வெளிவந்த முடிவு வேறாக இருந்தது: வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதியைப் பிய்த்து எலிகளைப் பிடித்துத் தின்னும் இந்தக் குரங்குக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைக் கொல்கிறது, விளைச்சலில் எலிகள் பத்து விழுக்காடு வரை நாசமாக்க, குரங்குகள் தின்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எலி மருந்துக்குத் தோட்டங்கள் கொட்டும் பணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தந்தையின் அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எலி மருந்து வைத்தவராம்; அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் இதைக் கேட்டு முன்னால் நகர்ந்தார்.

இங்கே பினாங்கிலேயே யாப் ஜோ லீன் என்ற இளம் ஆய்வாளர் 2016-இல் லோத்தோங்குகளுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அவை எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றன, எங்கே அடிபட்டுச் சாகின்றன என்று கவனித்ததன் விளைவாக, 2019-இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டப்பட்டது. நடத்தை தெரியாதவர் கட்டும் பாலத்தில் குரங்கு ஏறாது.

வழி இதுதான். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உயிரியலை முதல் விருப்பமாகப் போட வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கடைசி வரியில் அல்ல. ஆயர் ஈத்தாம் பெண்ணுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பேருந்தில் போகும் தூரம். விடுதிச் செலவு இல்லை. அங்கே ஒரு பருவத்துக்கு ஆகும் கட்டணம், அந்தத் தனியார் கல்லூரி ஒரு மாதத்துக்குக் கேட்கும் தொகையைவிடக் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சூழலியலும், சபா பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு உயிரியலும் உண்டு. யானையும் ஒராங் ஊத்தானும் பார்க்க வேண்டுமானால் சபாவுக்கு ஈடில்லை, ஆனால் விமானச் செலவைச் சேர்த்துப் பாருங்கள். பட்டத்தின் இறுதியாண்டில் வரும் ஆய்வுத் திட்டத்தை ஆய்வகத்துக்குள் முடித்துக்கொள்ளாமல் காட்டில் செய்ய வேண்டும். அடுத்தது ஆய்வுவழி முதுகலை. அதில் சேருமுன் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரின் பெயரைப் பாருங்கள். அவரிடம் நடப்பில் ஆய்வு மானியம் இருக்கிறதா, அதில் ஆராய்ச்சி உதவியாளருக்கு இடம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வேலை எங்கே என்றால், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் உண்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களில் உண்டு, நிலைத்தன்மைச் சான்றிதழுக்காகத் தங்கள் நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று காட்ட வேண்டிய செம்பனை நிறுவனங்களில் உண்டு. விரிவுரையாளராக முனைவர் பட்டம் தேவை; ஜெர்மனி போன்ற நாடுகளில் பெரும்பாலான பொதுப் பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. இருபத்தைந்து வயதில் அவள் கையில் வரும் சம்பளம் மாமா மகன் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆராய்ச்சி உதவியாளர் வேலை, திட்டம் முடிந்தால் முடியும். அந்த இடைவெளியைக் கடன் இல்லாத பிள்ளை தாங்கும். வீட்டையே வங்கியில் வைத்த கடனுள்ள பிள்ளை தாங்காது.

தாய்க்கு இன்னும் ஒன்று சொன்னேன். 1973-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு விலங்கு நடத்தையை ஆராய்ந்த மூவருக்குத்தான் போனது. அவர்களுள் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ், அறுவைச் சிகிச்சை மருத்துவரான தம் தந்தையின் கட்டாயத்தால் முதலில் மருத்துவம் படித்துப் பட்டமும் வாங்கி, அதற்குப் பிறகே விலங்கியலுக்கு வந்தார். "அப்படியானால் இவளும் இரண்டையும் படிக்கலாமே" என்று தாய் உடனே பிடித்துக்கொண்டார். லோரன்ஸின் தந்தை புகழும் செல்வமும் உள்ள மருத்துவர், இரண்டு படிப்புக்கும் அவரால் கொடுக்க முடிந்தது. உங்களால் ஒன்றுக்குத்தான் முடியும் என்றேன். அதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

மகளிடமும் கடுமை காட்டினேன். அவளுடைய கணிதப் புள்ளி மற்றப் பாடங்களைவிடக் குறைவு. இந்தத் துறையில் காட்டில் ஒரு நாள் இருந்தால் கணினி முன் மூன்று நாள் இருக்க வேண்டும். புள்ளியியலைக் கண்டு ஒதுங்குகிறவருக்கு இதில் இடமில்லை. விலங்குகள்மேல் பாசம் என்பது தகுதியாகாது. விடிவதற்கு முன் எழுந்து, அட்டை கடித்த காலோடு, ஒன்றுமே நடக்காத மூன்று மணி நேரத்தை ஒன்றுமே நடக்கவில்லை என்று நேர்மையாக எழுத முடிகிறதா என்பதே தகுதி. சொந்தப் பணத்தில் முதுகலைக்குப் போகவே கூடாது என்றும் சொன்னேன்.

இதே ஆசை உள்ள மற்றப் பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை வைப்பதுண்டு. வீட்டு மாமரத்திலோ ரம்புத்தான் மரத்திலோ முசுறு என்ற எறும்பு இருக்கும். மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் கெரெங்கா என்பார்கள். ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இலைகளை இழுத்துச் சேர்க்கும். வேறு சில, தம் புழுக்களை வாயில் கவ்வி ஊசிபோல் அங்குமிங்கும் நகர்த்த, அவை சுரக்கும் பட்டால் இலைகள் தைக்கப்படும். மற்றப் பல எறும்புகளின் புழுக்கள் அந்தப் பட்டில் தமக்குக் கூடு கட்டிக்கொள்ளும். முசுறுப் புழு மொத்தத்தையும் தன் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வெறும் உடம்பாய்க் கிடக்கும். அந்த மரத்தின்கீழ் தினமும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம், பதினான்கு நாள் உட்கார்ந்து எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் நான்காம் நாள் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன, கடன் வாங்காமலே தெரிந்துகொண்டாயிற்று.

புறப்படும்போது தந்தை, நேர்காணல் வந்தால் இந்த நோட்டை நல்ல புத்தகத்தில் அழகாகப் பெயர்த்து எழுதிக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மழைத்துளி பட்டு மை கரைந்த பக்கங்களும், 7.31 என்று எழுதி அடித்து 7.32 என்று திருத்திய இடங்களும், "இன்று கூட்டம் வரவில்லை" என்று மட்டும் எழுதிய இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களும் அப்படியே இருக்க வேண்டும். அட்டைகூடப் போட வேண்டாம்.